மடையனுக்கு முன்னால் மூன்று பட்டங்கள்

“மானம் போச்சு, மிஸ்! பன்னிரண்டு மணிக்குள்ள இவளை வீட்டுக்கு அனுப்புறன்,” என்று மேசையில் அடித்தார் பாக்கியரத்தினம். திருகோணமலைத் துறைமுக வாசலருகே இருந்த கப்பல் முகவர் கந்தோருக்கு அவர் முகாமையாளர். வேலைநீக்கக் கடிதம் தயார்; கையெழுத்துத்தான் பாக்கி.

தலைமை அலுவலகத்தின் விசாரணை அதிகாரி சுஹைரா அமைதியாகக் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவருடைய உதவியாளர் அபூதாஹிர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், வழக்கம்போல வாசற்படியிலேயே வழக்கை முடித்திருந்தார். கணினிப் பொறுப்பாளர் கௌசிகாவைத் தவிர வேறு யார்? கந்தோரின் மையக் கணினியான சேர்வருக்குள் நுழைபவர்களை வரவேற்கும் வாசகம் அவள் பொறுப்பு. அவள் கடவுச்சொல் போட்டுக்கொடுக்க, முகாமையாளர் தம் கையாலேயே அதில் ஏற்றிய பட்டங்களைப் போன வாரம் நீக்கிவிட்டு, கப்பல்கள் வரும் நேரத்தைப் போட்டவளும் அவளே. இன்று கப்பல்களைக் காணோம். அந்த இடத்தில் இப்படி இருந்தது: ‘தேசமானி, சமாதான நீதவான், உயர்திரு பாக்கியரத்தினம் ஒரு மடையன்.’

“நான் எழுதேல்லை, மிஸ்,” என்றாள் கௌசிகா. “வீட்டில என்ர சம்பளம் மட்டும்தான்.”

“ஆருக்கு இதை மாத்த ஏலும்?” என்று கேட்டார் சுஹைரா.

“தலைமைக் கடவுச்சொல் வேணும். எனக்குத் தெரியும். ஒரு பிரதி ஐயாவின்ர அலுமாரியில, முத்திரை வைச்ச உறையில கிடக்கு. அலுமாரிச் சாவி ஐயாட்டை மட்டும்தான்.”

“பிறகென்ன, மிஸ்!” என்று துள்ளினார் அபூதாஹிர்.

சுஹைரா திரும்பினார். “ஐயா, நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?”

“ஏழரைக்கு முதல் ஆளா வந்தனான். கடவுச்சொல் கேட்க முந்தியே திரையில பல்லிளிச்சுக்கொண்டு நிக்குது! உள்ளுக்குப் போகவேயில்லை. ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. மூடிப்போட்டு உங்களுக்குக் கோல் எடுத்தனான்.”

“கௌசிகா, எல்லாரும் பார்க்க ஒருக்கா நுழையுங்கோ.”

திரையில் ஒரே வரி: ‘அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்.’ கௌசிகா கடவுச்சொல்லைத் தட்டினாள். அதன் பிறகே மடையன் வந்தான்.

“முன்னால வாறது ஒரு கோப்பு, பின்னால வாறது வேற கோப்பு,” என்றார் சுஹைரா. “உள்ளுக்குப் போகாத ஆளுக்கு உள்ளுக்குக் கிடக்கிறது எப்பிடித் தெரியும்? அலுமாரியைத் திறவுங்கோ, ஐயா.”

உறையின் முத்திரை உடைந்திருந்தது.

அபூதாஹிர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தன்னைத் தானே ஏசுவினமே, மிஸ்?”

“பட்டத்தை எடுத்த பிள்ளையைக் கலைக்க ஒரு சாட்டு வேணுமே. ஆனா ஏசேக்கையும் ஒரு பட்டத்தையும் விட மனம் வரேல்லை. பகையாளி எண்டால் சமாதான நீதவானையும் சேர்த்துத் தட்ட மினக்கெடுவானே?”

பாக்கியரத்தினம் கடிதத்தைக் கிழிக்கக் கை நீட்டினார். கௌசிகாவின் கை முந்தியது.

“கிழிக்காதேங்கோ, ஐயா. தலைமை அலுவலகத்துக்குச் சாட்சியாப் போக வேண்டிய கடிதம் இது.”