பள்ளிகொண்டாவில் ஒரு வெள்ளி டம்ளர்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும். ஈவா தலை பின்னி, நல்ல கவுன் போட்டுக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் வாசலில் போய் நிற்பாள். வாஹித் பாஷாவின் பிரவுசிங் சென்டருக்குப் போகத்தான் இத்தனை அலங்காரம். அங்கே கம்ப்யூட்டர் திரையில் அம்மா வருவாள்.

ஈவாவின் முழுப்பெயர் இவாஞ்சலின். வயது பதினொன்று. அவளுடைய அப்பா ரெனால்டுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. அம்மா ஜெபராணி மஸ்கட்டில் நர்ஸ். அம்மா அங்கே போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

திரையில் அம்மா கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிவாள். உதடு முதலில் அசையும், பேச்சு பிறகு வந்து சேரும். சில சமயம் சிரித்தபடியே அசையாமல் நின்றுவிடுவாள்.

"அங்கிள், அம்மா நின்னுட்டாங்க" என்று ஈவா குரல் கொடுப்பாள். வாஹித் பாஷா வந்து பின்னால் இருக்கும் வயரை ஆட்டுவார். அம்மா மறுபடியும் அசைவாள்.

அம்மா விடைபெற்றுப் போன பிறகும் ஈவா எழுந்திருக்க மாட்டாள். பழைய சாமான்களை வாங்கவும் விற்கவும் ஓர் இணையதளம் இருந்தது. அதைத் திறந்து, வெள்ளிக் கோப்பைகளைத் தேடுவாள்.

"இன்னா ஈவா, இன்னைக்கும் வெள்ளியா?" என்பார் வாஹித் பாஷா.

"ஆமா அங்கிள். கொஞ்ச நேரம்தான்."

அவள் தேடியது ஒரு டம்ளரை. பிடி வைத்த சின்ன டம்ளர். வெளியே சுற்றிலும் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். அம்மாவின் ஞானஸ்நானத்துக்கு அவளுடைய தாய்மாமன் கொடுத்தது. அம்மா அதில் பால் குடித்து வளர்ந்தாள். பிறகு ஈவா குடித்தாள். அம்மா வெளிநாடு போகப் பணம் தேவைப்பட்டபோது, வீட்டிலிருந்த வெள்ளியெல்லாம் கடைக்குப் போனது. டம்ளரும் போனது. ஈவா பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அலமாரித் தட்டு காலியாக இருந்தது.

"அதை எப்பவோ உருக்கியிருப்பாங்க, பாப்பா" என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா உருக்குவாங்க?" என்று ஈவா கேட்டாள்.

தேடத் தேட ஈவாவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெள்ளி என்று போட்டிருப்பதெல்லாம் வெள்ளி இல்லை. 'நூறு வருஷப் பழசு' என்று ஒருவர் போட்டிருந்த தட்டின் அடியில், கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு அப்படியே இருந்தது. 'அரண்மனைக் கரண்டி' என்று இன்னொருவர் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கினால், கரண்டியின் குழிவில் ஒரு மாமா துண்டு கட்டிக்கொண்டு கேமராவோடு தலைகீழாகத் தெரிந்தார். அன்று ஈவாவும் வாஹித் பாஷாவும் சிரித்த சிரிப்பில், பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

வெள்ளி முலாம் பூசிய பித்தளை, தேய்ந்த இடத்தில் மஞ்சளாகப் பல்லைக் காட்டும். விளிம்பையும் பிடியையும் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜெர்மன் சில்வர் என்பதில் பெயரில்தான் வெள்ளி இருக்கிறது, பொருளில் கொஞ்சம்கூட இல்லை. அசல் பழைய வெள்ளி பளபளக்காது. செதுக்கிய பள்ளங்களில் கருப்பு ஏறியிருக்கும். கை பட்டுத் தேய்ந்த மேடுகள் மட்டும் மெத்தென்று வெளுத்திருக்கும். இதையெல்லாம் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்தே ஈவா தெரிந்துகொண்டாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. அம்மாவின் முகம் திரையில் வந்தபோதே சரியில்லை.

"கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லேன்னுட்டாங்க, கண்ணு" என்றாள் அம்மா. "ஈஸ்டர் கழிச்சுதான் வர முடியும் போல."

"பரவால்லம்மா" என்றாள் ஈவா. அப்புறம் அம்மா என்ன பேசினாள் என்பது அவள் காதில் சரியாக விழவில்லை.

அம்மா மறைந்ததும், பழக்கத்தில் அவள் கை அந்த இணையதளத்தைத் திறந்தது. புதிதாக ஒரு விளம்பரம் வந்திருந்தது. 'ஜெர்மன் சில்வர் டம்ளர். பழசு. ஊர், பள்ளிகொண்டா.' விலை ரொம்பக் கம்மி.

ஈவா படத்தைப் பெரிதாக்கினாள். பிடி வைத்த சின்ன டம்ளர். அதே உயரம், அதே தொப்பை வயிறு. ஆனால் திராட்சைக் கொடிக்குப் பதில் வரிசையாக மாங்காய்கள் செதுக்கியிருந்தன. அவளுடைய டம்ளர் இல்லை. மாங்காய்களின் ஓரத்தில் கருப்பு ஏறியிருந்தது. மேடுகள் வெளுத்திருந்தன. விளிம்பில் மஞ்சள் இல்லை.

அசல் வெள்ளி. விற்பவருக்கே தெரியவில்லை.

ஈவா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இதை எனக்கு வாங்கித் தர்றீங்களா? நம்ம டம்ளர் மாதிரியே இருக்கு" என்றாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். மகள் முகத்தையும் பார்த்தார். "ஜெர்மன் சில்வர்தானே? சரி, நாளைக்குக் கோயில்ல ஆராதனை முடிச்சுட்டு போலாம்."

அது ஜெர்மன் சில்வர் இல்லை என்று ஈவா சொல்லவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. அம்மா வரும்போது அந்த டம்ளர் மேஜை மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் ஒன்றும் திருடவில்லை, அவர்கள் கேட்ட விலையைத்தானே கொடுக்கப் போகிறோம் என்றும் சொல்லிக்கொண்டாள்.

பள்ளிகொண்டாவில் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் அந்த வீடு. வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். கூடத்தில் கால் வைக்க இடம் இல்லை. ஆட்டுக்கல், சுவர்க் கடிகாரம், உடைந்த சைக்கிள், அண்டா என்று சாமான்கள் குவிந்து கிடந்தன.

"பெரியவனுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. குடும்பத்தோட போறோம்" என்றார் பஞ்சாட்சரம். "அங்க வீடு சின்னது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவ முடியாது."

பெரியவன் பரணிதரன்தான் விளம்பரம் போட்டவன். அவன் டம்ளரை எடுத்து வந்து ஈவாவிடம் கொடுத்தான். அது சின்னதாக இருந்தாலும் கையில் கனத்தது. உள்ளே ஏதோ கடகடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். நிறையப் புளியங்கொட்டை.

"சௌமியா, உன் கொட்டையை எடுத்துக்கோ. இவங்க வாங்கிட்டாங்க" என்றான் பரணிதரன்.

கதவுக்குப் பின்னாலிருந்து எட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவன் தங்கை. டம்ளரை வாங்கி, புளியங்கொட்டைகளைப் பாவாடை மடியில் கொட்டிக்கொண்டாள். பிறகு பாவாடை நுனியால் உள்பக்கத்தைத் துடைத்தாள். ஒரு முறை துடைத்தால் போதும். அவள் நான்கைந்து முறை துடைத்தாள்.

"இப்ப சுத்தமா இருக்கு" என்று ஈவாவிடம் நீட்டினாள். "கீழ போட்டா சப்பி நசுங்கிடும். பாத்து வெச்சிக்கோ."

சௌமியா அழவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஈவா டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகும், நீட்டிய கையை மட்டும் அப்படியே வைத்திருந்தாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"அப்பா, இருங்க" என்றாள் ஈவா. அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "இது ஜெர்மன் சில்வர் இல்ல. வெள்ளி."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"வெள்ளின்னா பளபளன்னு இருக்கும். இது கருப்படிச்சுப் போயிருக்கு" என்றான் பரணிதரன்.

"வெள்ளிதான் அண்ணா கருப்படிக்கும். பிடியைப் பாருங்க. இவ்ளோ தேஞ்சும் உள்ள மஞ்சள் தெரியல."

பஞ்சாட்சரத்தின் மனைவி ராஜம்மாள் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். "எங்க நாத்தனார் வீட்டுலேர்ந்து வந்தது. ஜெர்மன் சில்வர்னுதான் குடுத்தாங்க. நீ எப்படிம்மா அவ்ளோ நிச்சயமா சொல்ற?"

ஈவா யோசித்தாள். படத்தில் பார்த்ததையெல்லாம் இவர்களிடம் எப்படி விளக்குவது? அப்போது அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பால் ஊற்றியதும் டம்ளர் சுடும் என்று, அம்மா புடவைத் தலைப்பைச் சுற்றித்தான் அவள் கையில் கொடுப்பாள்.

"ஆன்ட்டி, வீட்டுல நெசமான ஜெர்மன் சில்வர் ஏதாவது இருக்கா? கொஞ்சம் வெந்நீரும் வேணும்."

ராஜம்மாள் கல்யாணப் பரிசாக வந்த ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். இரண்டிலும் வெந்நீர் ஊற்றினார்கள்.

"அண்ணா, கிண்ணத்தோட விளிம்பைத் தொடுங்க."

பரணிதரன் தொட்டான். "சுடலையே."

"இப்ப டம்ளரோட பிடியைத் தொடுங்க."

பிடிதானே என்று அவன் அலட்சியமாகப் பிடித்தான். அடுத்த நொடி கையை உதறி, விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டான். சௌமியா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"வெள்ளிக்கு சூடு சட்டுனு ஏறும்" என்றாள் ஈவா. "அதுக்குள்ள பிடி வரைக்கும் வந்துடும்."

பஞ்சாட்சரம் தண்ணீரைக் கொட்டினார், டம்ளரைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருக்கோடியில் நகை செய்யும் பத்தரிடம் போனார். திரும்பி வரும்போது நடையில் வேகம் இருந்தது.

"வெள்ளியேதான். ரொம்ப நல்ல வெள்ளியாம். விக்காதேங்கறார்." அப்பாவைப் பார்த்துத் தயங்கினார். "சார், நீங்க ஆம்பூர்லேர்ந்து இதுக்குன்னே வந்தீங்க..."

"அதுக்கென்னங்க, பொருள் உங்களுது" என்று அப்பா பணத்தைத் திரும்பப் பையில் வைத்தார்.

ராஜம்மாள் ஈவாவின் கன்னத்தைத் தொட்டாள். "இரு கண்ணு, போயிடாதே" என்று உள்ளே போனாள். வரும்போது அதே டம்ளரில் பால். சுடாமலிருக்க ஒரு துணியைச் சுற்றியிருந்தாள்.

ஈவா இரண்டு கையாலும் வாங்கினாள். விளிம்பில் உதட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதே வழவழப்பு. கொஞ்சம் ஏலக்காய் வாசனை. மெதுவாகக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது எதிரில் சௌமியா நின்றிருந்தாள்.

டம்ளர் கையில்தான் இருந்தது. ஆனாலும் அம்மா மஸ்கட்டில்தான் இருந்தாள். ஈவாவுக்கு அது அப்போதுதான் நன்றாகப் புரிந்தது. டம்ளரைத் துடைத்து சௌமியாவிடம் கொடுத்தாள்.

"புளியங்கொட்டையை வேற எதுலயாவது போட்டு வை" என்றாள். சௌமியா தலையை ஆட்டினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஈவா திரும்பிப் பார்த்தபோது, அவள் தெருமுனை வரைக்கும் வந்து நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. அப்பாவும் மகளும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அது வெள்ளின்னு உனக்கு எப்ப தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"நேத்து படத்தைப் பார்த்தப்பவே."

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

"டம்ளர் கிடைச்சா அம்மா சீக்கிரம் வந்துடுவாங்கன்னு நெனச்சேன்பா" என்றாள் ஈவா. "இல்ல. அப்படி நெனக்கல. ஆனா அப்படித்தான் இருந்துச்சு."

அப்பா செல்போனை எடுத்து ஒரு நீளமான நம்பரை அழுத்தினார்.

"யாருக்குப்பா?"

"அம்மாவுக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. போன்ல பேசினா காசு ஜாஸ்தி ஆவுமே. அம்மாவும் நைட் டியூட்டி முடிச்சுட்டு தூங்குவாங்க."

"எழுந்திருக்கட்டும்" என்று அப்பா போனை அவள் காதில் வைத்தார்.

மணி நெடுநேரம் அடித்தது. பிறகு தூக்கக் கலக்கத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல, அம்மாவின் குரல் வந்தது.

"அம்மா, நான்தான். ஒண்ணும் ஆகல. சும்மாதான் பேசறேன்" என்றாள் ஈவா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

ஆம்பூர் பஸ் வந்து நின்றது. அப்பா கையைக் காட்டிப் போகச் சொன்னார். அதற்கடுத்த பஸ்ஸும் வந்தது. அதையும் போகச் சொல்லிவிட்டு, மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.