வெள்ளிமுடிக்கு ஆள் வந்த நாள்

வெள்ளிமுடி மலைப்பூங்காவுக்குச் சாலை கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும். காவலர் பொன்னரசி காலையில் பாதையைப் பெருக்கிவிட்டு, வாசலில் அடுப்பை மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போடுவாள். ஏறி வரும் ஆளுக்கு அதை எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பது அங்கே வழக்கம். இந்த வருடம் தனக்கு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே உலகம் மாற்றுடல்களுக்குப் பழகிவிட்டது. வீட்டில் படுத்தபடியே எங்கோ இருக்கும் வாடகை உடலுக்குள் புகுந்து வேலை பார்க்கலாம், கல்யாணத்துக்குப் போகலாம். நாம் கேட்ட முகத்தை அது காட்டும். மூச்சு விடும், தொட்டால் தோலும் வெதுவெதுப்பாக இருக்கும். எந்தக் கருவியாலும் பிரித்தறிய முடியாததால், பூங்காச் சட்டம் காவலரின் வாய்ச்சொல்லை நம்பியது. ஆண்டுக்கு ஒருவராவது சொந்த உடம்போடு வர வேண்டும். வராவிட்டால் பூங்காவை மூடிவிடுவார்கள்; பொன்னரசியும் இறங்க வேண்டியதுதான். ஆண்டு இன்றோடு முடிகிறது.

மத்தியானம் அவள் தம்பி நன்மாறன் வந்து நின்றான். முழங்கால்வரை சேறு.

“சொன்னபடி வந்துட்டேன் பாத்தியாக்கா.”

அவள் எழுந்து அருகே வந்தாள். அவன் தோளைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. “அப்படியே இருக்கடா,” என்று காப்பியை நீட்டினாள்.

அவன் டம்ளரை உள்ளங்கையில் ஏந்தியபடி பேசிக்கொண்டே இருந்தான். கை மாற்றவில்லை. துண்டு தேடவில்லை. ஊதவும் இல்லை.

அவள் பார்ப்பதைக் கவனித்து டம்ளரை மெல்லக் கீழே வைத்தான்.

“மூணு நாள் ஏறணும்க்கா. யாரு லீவு குடுப்பா? இத அடிவாரத்துல வாடகைக்கு எடுத்து, வேல இல்லாத நேரத்துல கொஞ்சங் கொஞ்சமா ஏறுனேன். ஆனா வழுக்கி விழுந்ததெல்லாம் நான்தான். ஆள் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. உனக்கு இந்த எடம் நிக்கும்.”

“இன்னிக்கு சொன்னா, அப்புறம் எப்பவும் இதுதாண்டா ஏறி வரும்.”

“சொல்லாட்டி எங்க போவ?”

“உன் வீட்டுக்கு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நான் அங்க இருக்க மாட்டேனேக்கா. பகல்ல ஒரு ஊரு, ராத்திரி ஒரு ஊரு. உடம்பு மட்டும் கட்டில்ல கெடக்கும்.”

“கெடக்கட்டும். பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

வருகையைப் பதியும் வாசல் பொறியிடம் ‘ஆள் வரவில்லை’ என்று சொல்லிவிட்டு, அவன் வைத்த டம்ளரை எடுத்தாள். இன்னும் சுட்டது. கை மாற்றி மாற்றி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.