கெர்மோந்தாரின் பல்

பெட்டி கோழிக்கூண்டு வண்டியில் வந்து இறங்கியது. பாரிஸில் செத்துப்போன ஒரு சீமாட்டி எங்கள் மடத்துக்கு விட்டுப்போன காணிக்கை. முழுக்க யானைத் தந்தம். மூடியில் கோட்டைமேல் நின்று பெண்கள் ரோஜா வீச, கீழே கவச வீரர்கள் அம்பு பட்டதுபோல் நெளிகிறார்கள். முன்பக்கம் இளமை ஊற்று. கூன் விழுந்த கிழடுகள் ஒரு பக்கம் தள்ளாடி இறங்க, மறு பக்கம் அம்மணமான இளசுகள் கட்டிப்பிடித்தபடி எழுகின்றன.

"இதுலயா சாமி, புனிதரோட பல்லை வைக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

"தந்தம் சுத்தமானதுய்யா. செதுக்கினதை ஏன் பாக்குற?" என்றார் எங்கள் மடாதிபதி எங்கெரான்.

அவர் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பேச்சில் பாதி எச்சில். புனிதரின் திருநாளன்று, வட்டாரத் திருச்சபைக்கே தலைவரான ஆயர் முன்னால் பிரசங்கம் வைக்க வேண்டும். ஆயர் மெச்சினால் பெரிய மடம் ஒன்று கைக்கு வரும். ரொட்டியைச் சாற்றில் ஊறவைத்து உறிஞ்சும்போதெல்லாம் இதே புலம்பல்.

புனித கெர்மோந்தாரின் பல்லைப் பெட்டிக்குள் வைத்தேன். பழுப்பேறித் தேய்ந்த பல். தலைமுறை தலைமுறையாகப் பக்தர்கள் முத்தமிட்டது.

சில நாளில் பூசைச் சாமான் அறையில் ஒரு வாடை கிளம்பியது. கசாப்புக்கடைச் சாக்கடையில் தேன் ஊற்றியதுபோல் தித்திப்பான வாடை.

திறந்தோம்.

பல் பால்வெள்ளையாக இருந்தது. வேரைச் சுற்றி இளஞ்சிவப்பாய், ஈரமாய், சதை.

சதை துடித்தது.

"அற்புதம்!" என்று கூவிய எங்கெரான், நான் கையைப் பிடிப்பதற்குள் அதை எடுத்துத் தன் வெற்று ஈறில் வைத்து அழுத்தினார்.

"ஐயோ சாமி, ஊரே எச்சில் பண்ணின பல்லு அது!"

"புனிதர் எனக்குன்னே குடுத்திருக்காருய்யா."

சேற்றில் கால் புதைகிற சத்தம். அவர் கடைவாயில் மஞ்சளாக ஏதோ வழிந்தது. நாக்கால் நக்கிக்கொண்டார்.

மறுநாள் பன்றித் தொடையைக் கிழித்துத் தின்றார். தன் இனம் என்று அந்தப் பல்லுக்குத் தெரிந்திருக்காது.

திருநாள் வந்தது. கோயில் நிறையக் கூட்டம். மேடையேறிய எங்கெரான் தாழ்மையைப் பற்றித்தான் முழங்கினார். முழங்க முழங்கப் பல் வளர்ந்தது. உதட்டைத் தூக்கியது. வளைந்தது.

முன்வரிசையில் ஆயர் என் பக்கம் சாய்ந்தார். வேட்டை என்றால் பூசையையே மறக்கிற மனிதர்.

"ஏம்ப்பா, உங்க புனிதர் எந்தக் காட்டுல மேஞ்சாரு? நான் இதுமாதிரி எத்தனையோ குத்திச் சாய்ச்சிருக்கேன். இது ஆண் காட்டுப்பன்னிப் பல்லு."

இத்தனை காலம் நாங்கள் முழந்தாளிட்டது அதற்கா?

எங்கெரான் நிறுத்தவில்லை. கொம்பாகிவிட்ட பல் கன்னத்தைத் துளைத்து மேலே போனது. சீழும் ரத்தமும் வேதப்புத்தகத்தில் சொட்டின. சொற்கள் கரைந்து உறுமலாயின. கொம்பின் நுனி கண்ணைத் தொட்டபோதுதான் பிரசங்கம் முடிந்தது.

அன்றே புதைத்தோம், பல்லோடு. சவப்பெட்டிக்கு ஆணி அடித்தவன் நான்.

காலையில் மறுபடி அந்த வாடை.

தந்தப் பெட்டிக்குள் பல் கிடந்தது. பழைய அளவில், பழுப்பாக. அதன்மேல் நரைமயிர் முளைத்த ஒரு துண்டு உதடு.

"வெளியே கூட்டம் நிக்குது. பேசாம எடுத்து வை," என்றார் ஆயர்.

உதட்டை இடுக்கியால் பிய்த்து நாய்க்கு எறிந்தேன். நாய் முகர்ந்துவிட்டு ஓடிப்போனது. பல்லைச் சாராயத்தில் கழுவி, துடைத்து, வரிசையின் முன்னால் நீட்டினேன்.

முதலில் வந்த குடியானவப் பெண் கண்ணை மூடிக் குனிந்து முத்தமிட்டாள். நிமிரவில்லை. பிறகு மெல்ல முகத்தை விலக்கி, வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

"சாமி," என்றாள் கிசுகிசுப்பாக. "இது திருப்பி முத்தம் குடுக்குது."