எறும்பு ஏறிய தாள்

ஸ்கந்தபுரம், 1997 ஐப்பசி. காலை ஆறு இருபது.

சிற்றம்பலம் அறைச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒட்டிய தாளுக்குப் பின்னால் இருந்த காணி உறுதிப் பத்திரம் இல்லை.

எட்டு மணிக்கு ஊர் அலுவலர், விதானையார் பரமலிங்கம் வந்தார். அவரைக் கூட்டிவந்தவள், விடிந்ததிலிருந்து சிற்றம்பலம் கள்ளி என்று ஏசிய றஞ்சனி.

"கள்ளியே சாட்சிக்கு ஆள் கொண்டு வாறாள்," என்றார் சிற்றம்பலம். "உறுதியை வைச்சு மேல தாள் ஒட்டினது இவள். மத்தியானத்துக்குள்ள என்ர வளவில நிக்கிற தன்ர கொட்டிலைப் பிரிச்சுக்கொண்டு போகட்டும்."

றஞ்சனி வாசலுக்கு வெளியே நின்றாள். போரால் இடம்பெயர்ந்து வந்தவள். இரண்டு பிள்ளைகளோடு அந்த வளவுக் குடிசையில் இருந்தாள். மழை தொடங்கியிருந்தது. மண்சுவர்களுக்குத் தாள் ஒட்டிப் பிழைத்தாள். மற்ற வீடுகளில் பழைய பத்திரிகை. சிற்றம்பலத்தின் மண்சுவரில் மட்டும், பொருளாதாரத் தடைக்கு முன்னர் சுவிஸிலிருந்து மகன் அனுப்பிய சஞ்சிகைத் தாள்கள். பனிமலை, மணிக்கூடு, கொழுத்த பசு. வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றே ஒட்டுவித்திருந்தார்.

"எந்தக் காணி உறுதி?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"என்ர காணி. வேற ஆற்ற காணி?"

பரமலிங்கம் சுவரையே நெடுநேரம் பார்த்தார். ஒரு பனிமலையில் மட்டும் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

சிற்றம்பலத்தின் தங்கை ஜெகதீஸ்வரி சிவப்பரிசிப் பழஞ்சோற்றைக் கரைத்துக் கொண்டுவந்து பரமலிங்கத்திடம் நீட்டினாள். அவர் குடித்தார்.

"பசை எப்பிடிக் காய்ச்சிறனி, பிள்ளை?" என்று றஞ்சனியிடம் கேட்டார்.

"மரவள்ளி மா, ஐயா. வேப்பிலை அவிச்ச தண்ணியில. இல்லாட்டிப் பூச்சி விடாது."

"உன்ர வீட்டில என்ன சோறு?"

"நிவாரண அரிசி. வெள்ளை."

"இஞ்ச சாப்பிடுறேல்லையோ?"

"இவளையோ?" சிற்றம்பலம் குறுக்கிட்டார். "குசினிப் பக்கம் விட்டதே இல்லை."

பரமலிங்கம் எறும்பைத் தட்டிவிட்டுத் தாளை உரித்தார். பின்பக்கம் நசுங்கிய சோற்றுப் பருக்கைகள், இன்னும் ஈரமாக. சிவப்பு.

"கடித உறை ஒட்டுற மாதிரி ஒட்டியிருக்கு. தொழில் தெரிஞ்சவள் சோத்தால ஒட்டமாட்டாள். இது உங்கட குசினிச் சோறு. அவளை அங்க விட்டதில்லை எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"அப்ப நானோ?"

"உங்கட பொருளை எடுத்துப்போட்டு நீங்கள் ஏன் திரும்ப ஒட்டப்போறியள்? மிச்சம் ஒரு ஆள்."

பரமலிங்கம் ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். கூரையில் மழை பெய்தது.

ஜெகதீஸ்வரி மடியிலிருந்து உறுதியை எடுத்தாள். "வாசியுங்கோ, விதானையார். ஆற்ற பேரில காணி இருக்கு?"

அவர் வாசித்தார். தகப்பன் ஜெகதீஸ்வரிக்கு எழுதிய சீதனக் காணி.

"தொலைஞ்சு போச்சு எண்டு அண்ணர் பன்னிரண்டு வருசமாச் சொன்னவர். றஞ்சனி ஒட்டேக்க தேத்தண்ணி கொண்டுவந்தனான். அப்பதான் உறுதியைக் கண்டனான். ராத்திரி உரிச்சு எடுத்தனான்."

சிற்றம்பலம் பசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லையைப் பாத்தால், றஞ்சனியின்ர கொட்டில் நிக்கிறதும் இந்தக் காணியிலதான்," என்றார் பரமலிங்கம்.

"பிரிக்க வேண்டாம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

றஞ்சனி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலமை முழுக்க என்னைக் கள்ளி எண்டவர். நீங்கள் கேட்டுக்கொண்டுதானே நிண்டனீங்கள், அக்கா."

ஜெகதீஸ்வரி வெறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.