கொட்டாவி விடாதே, கண்ணே!

"ஐயோ... லூயிஸ்!"

ட்ரேசியின் அலறலில் பழைய துரை பங்களாவே அதிர்ந்தது.

மலேசியாவின் சுங்காயில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட எஸ்டேட் அது. பங்களா இப்போது மூளை ஆராய்ச்சிக்கூடம். அதன் தலைவர் டாக்டர் லூயிஸ் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார்.

பக்கத்தில் பாதி குடித்த கோப்பி.

உயிர் இல்லை!

மத்தியானத்துக்குள், அவருடைய உதவியாளர் கேரனின் வலது கையில் விலங்கு ஏறிவிட்டது.

"கோப்பி கலக்கினது நீ. விஷப் புட்டி உன் பையில. இன்னும் என்னம்மா வேணும்?" இன்ஸ்பெக்டர் கோலின் சிரித்தார்.

"சார், அது என்னுது இல்ல! யாரோ வச்சிட்டாங்க!"

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க லா."

அவர் லூயிஸின் மனைவி பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கணும் மேடம்... உங்க பேரு?"

"ட்ரேசி..." கைப்பேசியைத் தடவிக்கொண்டே அவள் கொட்டாவி விட்டாள். "ராத்திரி பூரா தூக்கமே இல்ல சார்."

அடுத்த நொடி... கோலினும் கொட்டாவி விட்டார்!

கேரன் நிமிர்ந்தாள்.

களைத்துப்போன மூளை மனிதர்களோடு எப்படிப் பழகுகிறது? அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. களைப்பு வந்தால் மனிதன் ஊரையே ஒதுக்குவான். ஆனால் நெருங்கியவர்களின் கொட்டாவி மட்டும் சட்டென்று தொற்றிக்கொள்ளும். முன்பின் தெரியாதவர்களுடையது அவ்வளவாகத் தொற்றாது.

வாசலில் நின்ற பெண் போலீஸ் மெஹர்பானு, கோலினுக்கு நேர் எதிரே வாய் பிளந்து கொட்டாவி விட்டாள்.

கோலினுக்கு அது தொற்றவில்லை.

ட்ரேசி மறுபடி...

கோலினும் மறுபடி!

அப்படியானால் இவர்கள் இருவரும் ஏற்கெனவே நெருக்கமா? இது சாட்சி ஆகாது... தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அவள் பையைச் சோதித்தது யார்? கோலின்! அதுவும் தனியாக!

"நட, பாலாய்க்குப் போலாம்," என்றார் கோலின். "ஸ்டேஷன்ல வச்சுப் பேசிக்கலாம்."

போனால்... திரும்பி வரவே முடியாது!

"சார்... தலை சுத்துது..."

தள்ளாடிய கேரன், ட்ரேசி மேலேயே சாய்ந்தாள். எழுந்தபோது ட்ரேசியின் கைப்பேசி அவள் இடது கையில்!

"ஏய்! குடுடி அத!"

கடைசியாகப் பேசிய எண்ணைக் கட்டைவிரல் அழுத்தியது. திரையில் வந்த பெயர்... 'பல் டாக்டர்'.

ட்ரிங்... ட்ரிங்...

மணி அடித்தது கோலினின் சட்டைப்பையில்!

கோலின் அவசரமாகச் சட்டைப்பையைப் பொத்தினார்.

"சார்..." மெஹர்பானுவின் குரல் மாறியிருந்தது. "இவங்க பேரே தெரியாத மாதிரி கேட்டீங்க?"

கோலினின் கை இடுப்புக்குப் பாய்ந்தது. மெஹர்பானுவின் துப்பாக்கி முந்திக்கொண்டது.

"வேணாம் சார். கையத் தூக்குங்க!"

ட்ரேசி உடைந்தாள். "டிவோர்ஸ் தர மாட்டேன்னாரு... கோலின்தான் விஷம் கொண்டாந்து குடுத்தான்! கோப்பியில நான்..."

"வாய மூடுடி!" கோலின் உறுமினார்.

கேரனின் கையிலிருந்த விலங்கு கோலினின் கைக்கு இடம் மாறியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"எப்படி லா கண்டுபிடிச்சீங்க?" என்றாள் மெஹர்பானு.

"கொட்டாவியில அக்கா..." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரன் விளக்கினாள்.

மெஹர்பானு கோலினை மேலும் கீழும் பார்த்தாள்.

"பல் டாக்டர்னா அடுத்தவங்க வாயத்தானே தொறக்கச் சொல்லணும்? இந்தாளு தன் வாயத் தொறந்து மாட்டிக்கிட்டாரே லா!"