மிக முக்கியம் எனக் குறிக்கப்பட்ட நாள்

அன்று காலை அவர்கள் மூவரும் பத்தாவது முறையாக அறிமுகமானார்கள்.

செவ்வாய்க் கோளின் வழிப்போக்கர் விடுதிகளில் இது பல் துலக்குவதைப் போன்ற செயல். எழுந்ததும் முதுகுமூட்டையில் தைத்துள்ள பெயர்ப்பட்டையை ஒருவருக்கொருவர் காட்டி, அதிலுள்ள ஊரைச் சொல்லி, வணங்குவார்கள். கோபிசெட்டிபாளையத்து நீர்ப்பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியும் கோகிலவாணி, ஈப்போவிலிருந்து வந்த குணாளன், தூத்துக்குடித் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற இஞ்ஞாசி ஆகிய மூவரும் ஒன்பது நாட்கள் ஒன்றாகவே நடந்தவர்கள். வழியில் வந்த ஊர்திகளில் இடம் கேட்டு ஏறியவர்கள். ஒரே சட்டியில் சமைத்து உண்டவர்கள். அவர்களுடைய பேழைகளின் கணக்கு அப்படித்தான் காட்டியது. மூளைகளில் தடயம் ஏதும் இல்லை.

நினைவுப் பேழை என்பது காதின் பின்புறம் தோலுக்கு அடியில் பொருத்தப்படும், புளியங்கொட்டை அளவுள்ள கருவி. காட்சி, ஒலி, மணம், சுவை, தொடுகை என ஒரு நாளின் அனைத்தையும் அது பழுதின்றி வாங்கிக்கொள்ளும். முத்திரை இட்டதும், அந்த நாளை மூளையிலிருந்து அகற்றியும்விடும். மூளையில் எஞ்சும் மங்கலான நகல், பின்னர் அந்த நாளை முழுமையாகப் பார்க்கும்போது அதன் புதுமையைக் கெடுக்கிறது என்று மக்கள் குறை கூறியதால் செய்யப்பட்ட திருத்தம் அது. அலுவலக நாட்களை எவரும் முத்திரையிடுவதில்லை. அவை மூளையிலேயே கிடக்கலாம். நல்ல நாட்களுக்கே பேழை.

“பசியாறிட்டீங்களா?” என்று குணாளன் கேட்டான்.

“இன்னுமில்லீங்க. நேத்து என்ன செஞ்சோம்னு தெரிஞ்சா இன்னைக்கு வேற செய்யலாம்” என்றாள் கோகிலவாணி.

“பேழையத் தொறந்து பாத்தா தெரியும்லா” என்றான் குணாளன்.

“அதுக்கே ஒரு நாள் ஆயிருமேங்க.”

“சட்டியப் பாருங்க தாயி, அடிப்பிடிச்சுருக்கு. உப்புமாதான்” என்றார் இஞ்ஞாசி.

அது பயணத்தின் கடைசி நாள். அந்தியில் கோகிலவாணியின் கப்பல் புவிக்குக் கிளம்பும். குணாளன் தென்குடியேற்றத்தில் கீரைப் பண்ணை அமைக்க உரிமை பெற்றவன், புவிக்குத் திரும்பப்போவதில்லை. இஞ்ஞாசிக்கு வழியில் உள்ள பெரும்பள்ளத்தாக்கில் மகள் வீடு.

காற்றுக்கலங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு அவர்கள் சாலைக்கு வந்தார்கள். செவ்வாயில் இடம் கேட்டு ஏறுவது எளிது. கையை உயர்த்தியவனைக் கடந்து செல்லும் ஊர்தி, அவனுடைய மூச்சுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இஞ்ஞாசி கட்டைவிரலை உயர்த்தினார். துருவத்துப் பனிக்கட்டியை ஏற்றிவந்த, ஓட்டுநர் இல்லாச் சுமையூர்தி ஒன்று நின்றது.

“வணக்கம். மீண்டும் சந்திப்பதில் மகிழ்ச்சி” என்றது ஊர்தி. அவர்கள் உள்ளே அமர்ந்து தலைக்கவசங்களைக் கழற்றும்வரை அது பொறுத்திருந்தது. “கோகிலவாணி அம்மையாரே, மறுமொழியைக் கூறிவிட்டீர்களா?”

“என்ன மறுமொழிங்க?”

“நான்காம் நாளும் நீங்கள் மூவரும் என்னிடம்தான் ஏறினீர்கள். ‘பண்ணையில ரெண்டு பேருக்கு வேல இருக்கு, ஒரு ஆளுக்கு அந்த வீடு பெருசு, கட்டிக்கிட்டு வந்துடறீங்களா’ என்று இவர் கேட்டார். ஊருக்குக் கிளம்பும் நாளில் சொல்வதாக நீங்கள் கூறினீர்கள். இன்று அந்த நாள் அல்லவா?”

இஞ்ஞாசி தொடையில் அறைந்து சிரித்தார்.

“ஏல மக்கா! ஒரு பொம்பளகிட்ட கல்யாணம் பேசிட்டு, விடிஞ்சதும் ‘ஒங்க பேரு என்ன’ன்னு கேட்டவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்ல!”

“நானா கேட்டேன்?” என்றான் குணாளன். முகம் சிவந்திருந்தது.

“தாங்கள்தாம். குரல் நடுங்கியது” என்று ஊர்தி உறுதிசெய்தது. அதற்குப் பேழை இல்லை. பார்த்தவற்றை நினைவில் வைத்திருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

கோகிலவாணி சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயது வரை அவளை எவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட ஒரே நாளும் அவளிடம் இல்லை. கப்பல் கிளம்பிவிட்டால், புவியிலிருந்து மீண்டும் வருவதற்கான அனுமதி இருபது ஆண்டுகளுக்குக் கிடைக்காது.

“இன்னைக்கு ஒரு நாள் பேழைய மூடி வெச்சிரலாமுங்க” என்றாள். “சும்மா கண்ணால பாத்துக்கிட்டு வரோணும். அப்பத்தான் யோசிக்க முடியும்.”

“நானும் மூடிடறேன்” என்றான் குணாளன்.

பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பில் இஞ்ஞாசி இறங்கினார். “கல்யாணத்துக்குச் சொல்ல மறந்துராதிய. மறப்பிய, எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அதன்பின் அவர்கள் ஐந்து மணி நேரம் பயணம் செய்தார்கள். குறிப்பிடத்தக்கதாக எதுவும் நிகழவில்லை. அவன் ரொட்டியைச் சமமாகப் பிய்க்கத் தெரியாதவன் என்பதையும், பெரிய துண்டு ஒவ்வொரு முறையும் தன் பக்கமே வருவதையும் அவள் கவனித்தாள். அவள் சிரிப்பதற்கு முன் மூக்கைத் தேய்ப்பதை அவன் கவனித்தான். கோபியின் வாய்க்கால்களைப் பற்றி அவள் சொன்னாள். பூமியின் கீரைக்கும் செவ்வாயின் கீரைக்கும் உள்ள வேறுபாட்டை, ஊர்தி கொட்டாவி விடும் ஓசையை எழுப்பும்வரை அவன் விளக்கினான். அவர்கள் ஒன்பது நாட்களில் செய்ததும் இதுவாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் காலையில் தொடங்கிய ஒன்று மாலைவரை தன்னுள் தொடர்ந்து இருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

விண்கப்பல் துறைமுகக் குவிமாடத்தின் வாயிலில் அவர்களை இறக்கிவிட்டு ஊர்தி பனிக்கட்டிக் கிடங்குக்குச் சென்றது. கண்ணாடிக் கூரைக்கு அப்பால் சூரியன் இறங்கியது. செவ்வாயின் அந்தி நீலமாக இருக்கும். அந்த நீலம் அவன் முகத்தில் விழுந்தபோது அவள் சொன்னாள்.

“நான் கப்பலேறலீங்க. உங்க கூடவே வரேன்.”

அவன் அவளுடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டான். பின்னர் அவன் சொன்னவை, அந்தத் தலைமுறையில் எவரும் சொல்லக்கூடிய சொற்கள்தாம்.

“இத விட்டுடக் கூடாது வாணி. இந்த நிமிஷம் நம்ம மண்டையில கெடந்து மங்கிப் போறதா? முத்திர வெச்சிடுவோம்.”

அவளும் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். மூளை நம்பத்தக்கதன்று என்று இருவருக்கும் பள்ளியிலேயே கற்பித்திருந்தார்கள். விலைமதிப்பற்ற ஒன்றைப் பாதுகாப்பற்ற இடத்தில் விட்டுவைப்பது அவர்களுக்குப் பொறுப்பற்ற செயலாகத் தோன்றியது.

“காலையிலிருந்தே வெச்சிரலாமுங்க. ரொட்டி, கீரை எல்லாமே வேணும்.”

“ராத்திரியே ரெண்டு பேரும் சேந்து பாக்க ஆரம்பிச்சுடலாம்லா.”

“கண்டிப்பாங்க.”

மூடியிருந்தாலும் பேழை அன்றைய நாளை உறங்கும்வரை கைவசம் வைத்திருக்கும். இருவரும் ஒரு கையை விடுவித்துக் காதின் பின்புறத்தைத் தொட்டார்கள். ‘தலைப்பு?’ என்று பேழை கேட்டது. ‘மிக முக்கியம்’ என்றாள் அவள்.

மறுகணம் கோகிலவாணி, அறியாத ஒருவனின் கையைத் தான் பற்றியிருப்பதைக் கண்டாள்.

“அய்யோ, மன்னிச்சுக்கங்க” என்று கையை இழுத்துக்கொண்டாள்.

“பரவால்ல, பரவால்ல” என்றான் அவன், அவளைவிட மிகுதியாகக் கூச்சப்பட்டு. பெயர்ப்பட்டையைப் பார்த்தான். “கோபியா? நல்ல ஊரா அது?”

“நல்ல ஊருங்க. நீங்க எந்தப் பக்கம்?”

“தெக்க. கீரப் பண்ண.”

“அப்படீங்களா. எனக்குக் கப்பலுக்கு நேரமாச்சுங்க.”

அவள் ஏறும்வரை அவன் வாயிலில் நின்றான். ஏன் நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கையசைக்கலாமா என்று எண்ணினான். அறிமுகமில்லாத பெண் தவறாக எண்ணக்கூடும் என்று விட்டுவிட்டான்.

புவிக்குத் திரும்ப ஏழு மாதங்கள் ஆயின. கப்பலில் வேலை ஏதும் இல்லை. நாட்கள் நிறைய இருந்தன. கோகிலவாணி அவற்றில், முன்பின் அறியாத மனிதர்கள் பொதுவில் திறந்துவைத்த நாட்களைப் பார்த்தாள். எவரோ ஒருவரின் திருமணத்தை நான்கு முறை பார்த்தாள். தன்னுடைய நாட்களை அப்படிப் போகிற போக்கில் பார்த்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. அவற்றை நிதானமாக, மனம் அமைதியாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க வேண்டும். தெற்கே குணாளனும், முதல் அறுவடை முடியட்டும் என்று தன்னுடையவற்றை வைத்திருந்தான். வீடு ஓர் ஆளுக்குப் பெரிதாகத்தான் இருந்தது.

ஓராண்டு கழித்து, கோபியில், அவள் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது பேழை மெல்ல ஒலித்தது. ‘சென்ற ஆண்டு இதே நாள். தலைப்பு: மிக முக்கியம். பார்க்க விரும்புகிறீர்களா?’

பேருந்து வந்துவிட்டது. கூட்டமாகவும் இருந்தது.

“பிறகு” என்றாள் கோகிலவாணி.

மிக முக்கியம் என்னும் அதே தலைப்பில், இதுவரை திறக்கப்படாத அறுநூற்றுப் பதினோரு நாட்கள் வரிசையில் இருந்தன. பேழை அந்த நாளைப் பணிவுடன் எடுத்து, அவற்றின் கடைசியில் கொண்டுபோய் வைத்தது.