கூரைக்கு ஆணி அடித்த திருடன்

1923. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இலங்கை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து இராப்பள்ளிக்கூட வாசிகசாலையில் புத்தக அலுமாரி காலியாகக் கிடந்தது. கதவுப் பூட்டு உடையவில்லை. சாவி வாத்தியார் சிவஞானத்தின் மடியிலேயே இருந்தது.

"ஒரு புத்தகம் கொறஞ்சாலும் வாசிகசாலைய மூடிட்டு இங்க உர மூட்டை அடுக்கச் சொல்லித் தொரை உத்தரவு. காலையில ஆளெண்ணுற பெரட்டுல தொரைகிட்ட சொல்லிப்புடுவேன்" என்றார் கணக்கப்பிள்ளை கந்தப்பன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

புத்தகங்களைக் கொடுத்தவர் பசறை ஜவுளிக்கடை ஸஹாப்தீன். பார்த்துப் போக வந்தவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எப்ப பூட்டினீங்க, வாத்தியார்?"

"நேத்து சாயங்காலம். ராத்திரி பேய்மழை. வெளிய வரவே முடியல."

"ஒண்ணுமே மிஞ்சலையா?"

"இந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் மட்டும் இருக்குங்க. கதவுக்கடியில தள்ளிக் கெடந்துச்சு. இன்னைக்கு சாயங்காலம் எல்லாருக்கும் படிக்க வேண்டிய கதை."

அட்டையை ஸஹாப்தீன் விரலால் தடவினார். நனைந்து காய்ந்த அட்டை. அதில் இடைவெளி விட்ட சாக்கு நூல் தடம். முகர்ந்தார். பச்சைத் தேயிலைக் கொழுந்து மணத்தது. அலுமாரிப் பலகையில் ஈரக் கறை. நிமிர்ந்தார். கூரைத் தகரத்தின் ஓரத்தில் புது ஆணிகள் மின்னின.

"கூரைக்கு யார் ஆணி அடிச்சது?"

"நான் இல்லீங்க. தோட்டத்துல எத்தனை தரம் கேட்டும் ஒரு தகரம் கெடைக்கல."

கந்தப்பன் வெளியே பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை, இது என்ன ஆணி?"

"தேயிலைப் பொட்டிக்கு அடிக்கிற குட்டை ஆணி."

"சரி. நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

மற்ற இருவரும் தொழிற்சாலைக்கு நடந்தார்கள். கொழுந்து வாட்டும் மாடியில், சாக்குத் தட்டுகளின் மேல் புத்தகங்கள் விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் மாடிக்காரன் வீரய்யா, கையில் ஒரு ஈரப் புத்தகத்தோடு நின்றான்.

"சொல்லிடாதீங்க மொதலாளி! தேயிலை எந்த வாசத்தையும் புடிச்சிக்கும். இங்க வெங்காயம் கொண்டாந்தாலே பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டே வெரட்டிடுவாங்க."

"எப்படிங்க இங்கன்னு கண்டீங்க?" என்றார் சிவஞானம்.

"அரிசிச் சாக்கு நெருக்க நெசவு. தட்டுச் சாக்குல காத்துப் போகணும், அதனால அகல நெசவு. இந்தத் தோட்டத்துக்கு அதை விக்கிறவனே நான். ஆணியும் இங்கத்தது. ஞாயித்துக்கிழமை கொழுந்து வராது. காலி மாடியில இவன் மட்டும்தான். அதை விடுங்க, திருட வந்தவன் கூரையத் தச்சிட்டுப் போவானா?"

வீரய்யா தலையைக் குனிந்தான். "தகரம் பறந்துருச்சு. அந்த வழியாத்தான் எறங்குனேன். சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்னு பாத்தா, அடுப்பு சூடு பத்தல. கதை நின்னுடக் கூடாதேன்னு செவப்பட்டைய மொதல்ல ஒணத்திக் கதவுக்கடியில தள்ளுனேன். எங்க லயத்துக்குன்னு யாருங்க இப்படிக் குடுத்திருக்கா? அத ஊற விட்டுட்டுத் தூங்க முடியுமா?"

 ஸஹாப்தீன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த தாள்களைப் பிரிக்க உட்கார்ந்தார்.

பொழுது சாயும்போது கொழுந்துக் கூடைகளில் புத்தகங்கள் எல்லாம் வாசிகசாலைக்குத் திரும்பி வந்தன.

"திருடன் யாருங்க?" என்றார் கந்தப்பன்.

"உங்க கூரை. நாளைக்கு நானே தகரம் வாங்கி அனுப்புறேன். ஒண்ணும் கொறையலன்னு தொரைகிட்ட சொல்லுங்க."

"இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?"

"காஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

சனம் வந்து அமர்ந்தது. சிவஞானம் சிவப்பு அட்டையைத் திறந்தார். இருட்டுமுன் பசறைக்குப் போக வேண்டிய ஸஹாப்தீன், வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கடைசி வரிசைக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி இரு, வீரய்யா."